தொட்டவர் பொறுப்பு

டெல்லியில் லோதி ரோடு பக்கம் ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எதை ஆராய்கிறார்கள் என்று கேட்டால் உள்ளே இருப்பவர்கள் சற்று யோசித்துவிட்டு "பாலிசி" என்பார்கள். அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை. பணம் அரசாங்கம் தருகிறது, ஆனால் அரசாங்க அலுவலகம் கிடையாது. சம்பளம் குறைவாக இருக்கும்போது தனியார் என்றும், விடுமுறை அதிகமாக இருக்கும்போது அரசு என்றும் அது தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

அந்த மையத்துக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பொருளைக் கடைசியாக யார் தொட்டாரோ, அது கெட்டுப்போனால் அவர் பொறுப்பு. கெட்டுப்போகாவிட்டாலும் அவர்தான் பொறுப்பு. ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே எதையும் தொடுவதில்லை. ஏ.சி. ரிமோட்டைக்கூட "அதைக் கொஞ்சம் அமுக்குங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

பாலசுப்ரமணியம் விவரம் தெரியாமல் வந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவோடு ரயிலேறி, மூன்று மாதத் தற்காலிக வேலை என்று அங்கே சேர்ந்தார். சேர்ந்த வாரமே, பிரிண்டரில் மாட்டிக்கொண்டிருந்த காகிதத்தை இழுத்துவிட்டார். அறையில் ஒரு நிம்மதி பரவியது. அதை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பிரிண்டர் அவருடையது. பிறகு புரொஜெக்டர், மைக், ஜெராக்ஸ் மிஷின், குடிதண்ணீர் கூலர், போன டைரக்டரின் காது மெஷின் என்று வயர் உள்ள சகலமும் அவர் தலையில் வந்து விடிந்தது. மூன்று மாத வேலையை ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். பதவியின் பெயர் டெக்னிகல் அசிஸ்டென்ட், அடைப்புக்குறிக்குள் தற்காலிகம். கல்யாணம் ஆனது, மகள் பிறந்து படித்து புனேவுக்கு வேலைக்குப் போனாள், தலையில் முடி கொட்டியது. அடைப்புக்குறி மட்டும் கொட்டவில்லை.

பெயரும் அங்கே மாறிப்போயிற்று. பாலசுப்ரமணியம் என்பது டெல்லி நாக்குக்கு நீளம். பாலா என்று வெட்டி, மரியாதைக்கு ஒரு ஜி சேர்த்தார்கள். பாலா ஜி. கொஞ்ச நாளில் சம்பளச் சீட்டிலும் பாலாஜி என்றே வந்தது. திருத்தச் சொல்லிப் போனார். திருத்தினால் ஃபைலைத் தொட்டதாக ஆகும் என்பதால் யாரும் திருத்தவில்லை. லீவு முடிந்து வரும்போதெல்லாம் திருப்பதி லட்டு எங்கே என்று கேட்பார்கள். அவர் அல்வா கொண்டுவருவார்.

இந்த வருஷம் நீட்டிப்பு ஃபைல் போன இடத்தில் நின்றுவிட்டது. தற்காலிகப் பதவிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பயன் என்று விளக்கம் எழுத வேண்டுமென மேலிடத்திலிருந்து கடிதம். நிர்வாக அதிகாரி மாதுரி மேடம் அவரைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும்போது தற்காலிகங்களையும் மறக்காதவர்.

"பாலா ஜி, உங்க பயன் என்னன்னு நான் என்ன எழுதறது?" என்று இந்தியில் கேட்டார்.

அவருக்கும் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. நல்லவேளையாக, அதே வாரம் புதிய டைரக்டர் எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லுடன் திரும்பியிருந்தார். வரவேற்பறையில் ஒரு பெரிய டி.வி. சுவரில் தொங்குகிறது. மாட்டிய நாள் முதல் 'சிக்னல் இல்லை' என்ற ஒரே தகவலைத்தான் அது நாட்டுக்குச் சொல்லிவந்தது. அதில் மையத்தின் அன்றாட நிகழ்ச்சிகள் ஓட வேண்டும். அதுவும் சீட்டுக்கட்டு அளவேயுள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில், காசு கொடுத்து வாங்காத லினக்ஸ் மென்பொருளில் ஓட வேண்டும். ஆண்டு விழாவுக்கு அமைச்சகத்தின் செயலாளர் வரும்போது அதைக் காட்ட வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

"டீவி சல் கயா தோ ஃபைல் பீ சல் ஜாயேகீ" என்றார் மாதுரி மேடம். டி.வி. ஓடினால் ஃபைலும் ஓடும்.

பாலசுப்ரமணியம் இதை வீட்டில் வந்து சொன்னார். வீடு மயூர் விஹாரில், சொசைட்டி ஃபிளாட்டில், வாடகைக்கு. மனைவி காந்திமதி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும் அவள் பேச்சு ஊரைவிட்டு நகரவே இல்லை.

"அது ஓடிட்டுன்னா அப்புறம் உங்களுக்கு அங்க என்ன சோலி?" என்றாள்.

"கிறுக்கி மாதிரி பேசாத. போட்டவன் நான்லா. நான் இல்லாம அது எப்படி ஓடும்?"

"ஃபேனைப் போட்டுட்டு நீங்க வெளிய போனா நின்னா போவுது?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இந்த வீட்டில் பெரும்பாலான விவாதங்கள் குளியலறைக் கதவில் முடிபவை.

போர்டு வாங்குவதற்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்க வேண்டும், குறைந்த விலை சொன்னவரிடம் வாங்க வேண்டும். உலகமே பயன்படுத்துகிற பிரபலமான ஒரு போர்டின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் விதிப்படி 'அல்லது அதற்கு இணையானது' என்றும் எழுதினார்கள். அந்த மூன்று சொற்களில்தான் இந்தியாவின் பாதி வியாபாரம் நடக்கிறது. வந்து சேர்ந்தது இணையானது. பெட்டியின் மேல் சீன எழுத்தில் ஒரு வரி, கீழே ஆங்கிலத்தில் 'மகிழ்ச்சி' என்று ஒரே ஒரு சொல். உள்ளே போர்டு மட்டும். கையேடு இல்லை, வயர் இல்லை, பெட்டியில் சொன்ன மகிழ்ச்சியும் இல்லை.

சின்னதாக இருந்தாலும் அது முழு கம்ப்யூட்டர்தான். ஹார்ட் டிஸ்க் கிடையாது. நகக்கண் அளவு மெமரி கார்டு ஒன்றைச் செருக வேண்டும். லினக்ஸை முழுசாக ஒரே கட்டியாக இணையத்தில் வைத்திருப்பார்கள், 'இமேஜ்' என்று பெயர். அதை இறக்கி, கார்டில் அப்படியே ஏற்றி, கார்டைச் செருகி, கரண்ட் கொடுத்தால் போர்டில் பச்சை விளக்கு மினுக்கும், திரையில் எழுத்து ஓடும். பாலசுப்ரமணியம் பிரபல போர்டின் இமேஜை இறக்கினார், ஏற்றினார், செருகினார், கரண்ட் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை எரியவில்லை. டி.வி., அதற்கு நன்றாகத் தெரிந்த 'சிக்னல் இல்லை'யை மறுபடியும் சொன்னது.

கார்டை மாற்றினார். வயரை மாற்றினார். நேரு பிளேஸ் போய் ஆண்டவனை வேண்டிக்கொண்டு வேறு அடாப்டர் வாங்கிவந்தார். சிவப்பு நிலையாக எரிந்தது. தாசில்தார் அலுவலக வாசலில் நிற்பவனைப் பார்க்கிற பியூனைப் போல அது அவரைப் பார்த்தது.

அலுவலகத்தில் நாலு பேர் எட்டிப்பார்க்கிறார்கள் என்று, கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு போர்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். மெட்ரோ ஸ்டேஷனில் பையைச் சோதிக்கும் மிஷின் திரையில் வயரும் சில்லும் தெரிந்ததும் காவலர் அவரைத் தனியே நிறுத்தினார்.

"யே க்யா ஹை?"

"கம்ப்யூட்டர்."

காவலர் பையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் எங்கே?"

"இதுதான்."

"இது ஓடுமா?"

அதிகாரபூர்வமாக இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அந்தக் காவலர்தான். பாலசுப்ரமணியம் உண்மையைச் சொன்னார். "இன்னும் இல்லை." ஓடாத பொருளால் ஆபத்தில்லை என்று தீர்மானித்து அவரைப் போகவிட்டார்கள்.

மேல் மாடியில் அஷ்வத் என்றொரு பையன் இருக்கிறான். பையன் என்றால் முப்பது வயது, நொய்டாவில் சாஃப்ட்வேர் வேலை, டெல்லியிலேயே பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலை அவனைக் கூப்பிட்டார்கள். காந்திமதி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே போர்டைப் புரட்டிப் பார்த்தான்.

"அங்கிள், ப்ராப்ளம் சிம்பிள். நீங்க போட்டது வேற போர்டோட இமேஜ். போர்டு போர்டுக்கு தனி இமேஜ் வேணும். நம்ம லேப்டாப் மாதிரி எது போட்டாலும் எழுந்துக்காது."

"அப்ப இதுக்குண்டானது எங்க இருக்கு?"

அஷ்வத் ஃபோனில் தேடினான். காபி முடிந்தது. இன்னொரு காபி வந்தது. அதுவும் முடிந்தது.

"இந்த கம்பெனியே பந்த் ஹோ கயா அங்கிள். வெப்சைட் ஓப்பன் ஆகலை. ஃபோரம்ல யாராவது செஞ்சு வெச்சிருப்பாங்க. வாலன்டியர்ஸ். கேட்டுப் பாருங்க."

"யாரு, எவருன்னே தெரியாதவங்க நமக்கு எதுக்குச் செஞ்சு தரணும்?"

"அதான் அங்கிள் ஓப்பன் சோர்ஸ்."

"சம்பளம் யாரு குடுப்பா?"

"யாரும் இல்லை."

காந்திமதி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "உங்க ஆஃபீஸ் மாதிரிதான்."

இப்படிப்பட்ட போர்டுகளைப் பற்றி இணையத்தில் கேள்வி பதில் நடக்கும் ஃபோரம் ஒன்றில் பாலசுப்ரமணியம் உறுப்பினரானார். அங்கே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அரை வரியில் கேட்டு, கால் வரியில் பதில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு ஒரு முறைதான் தெரியும். பொருள், பார்வை, மதிப்பிற்குரிய ஐயா. தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில் என்று தொடங்கி, போர்டு வாங்கப்பட்ட வரலாறு, கொட்டேஷன் முறை, சிவப்பு விளக்கின் நிலை, ஆண்டு விழா நெருங்கும் அவசரம் எல்லாவற்றையும் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் வரைந்து, உரிய நடவடிக்கை வேண்டி, தங்கள் உண்மையுள்ள என்று முடித்தார். அதற்கு ஒருவர் சிரிக்கிற மூஞ்சி ஒன்றை மட்டும் போட்டார். இன்னொருவர் 'இது கவிதையா?' என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவதாக ஒருவர் வந்தார். பெயருக்குப் பதில் புரியாத நான்கு எழுத்து. முகத்துக்குப் பதில் ஒரு வாத்துப் படம். எந்த நாடு, ஆணா பெண்ணா, தெரியாது. 'லாக் அனுப்பு' என்று எழுதியிருந்தது வாத்து. போர்டு விழிக்க முயலும்போது தனக்குள் என்ன புலம்புகிறதோ அந்தப் புலம்பலின் எழுத்து வடிவம்தான் லாக். அதை எடுக்க எந்த இரண்டு ஊசிகளில் எந்த வயரை மாட்ட வேண்டும் என்று படமும் போட்டிருந்தது.

அஷ்வத் ஒரு மாலை வந்து வயரை மாட்டிக் கொடுத்தான். வந்தது புலம்பல், பக்கம் பக்கமாக. அதை அப்படியே ஃபோரத்தில் ஒட்டினால் போதும். ஆனால், ஒரு மையத்தின் ஆவணம் வெளியாருக்குப் போகிறதென்றால் அதற்கொரு ஒழுங்கு உண்டல்லவா? பாலசுப்ரமணியம் மறுநாள் அலுவலகத்தில் லாக் முழுவதையும் பிரிண்ட் எடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் இட்டு, 'டெக்னிகல் அசிஸ்டென்ட் (தற்காலிகம்)' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, ஸ்கேன் செய்து, சற்றே சாய்ந்த நிலையில் அனுப்பினார்.

பிறகு வாத்து கேட்டது: 'ஏன் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது?'

'அனுப்பியவன் நான்தான் என்பதற்கு அத்தாட்சியாக, ஐயா' என்று பதில் எழுதினார்.

வாத்தின் பதில் அடுத்த நாள் வந்தது: 'எல்லாம் படித்தேன். தப்பு எந்த வரியில் இருக்கும் என்று நினைக்கிறேனோ, அந்த ஒரு வரியின் மேல்தான் உங்கள் முத்திரை இருக்கிறது. அது இல்லாமல் அனுப்ப முடியுமா?'

பணியில் சேர்ந்த பிறகு, முத்திரையில்லாமல் ஒரு காகிதத்தை அவர் வெளியே அனுப்பியது அதுவே முதல் தடவை. 'தாங்கள் விரும்பியவாறு முத்திரையின்றி' என்று முகப்புக் குறிப்பு வைத்துதான் அனுப்பினார். முத்திரைக்கு அடியிலிருந்து வெளியே வந்த விஷயம் இதுதான்: அந்தக் கம்பெனி மூடுவதற்கு முன் கடைசியாகச் செய்த போர்டுகளில், மெமரி சில்லை மலிவான ஒன்றாக மாற்றிவிட்டிருந்தது. லினக்ஸ், இருக்கிற சில்லை விட்டுவிட்டு, இல்லாத சில்லைத் தேடிக்கொண்டு நின்றது.

வாத்து, தன் வீட்டில் அந்தப் போர்டு இல்லாமலே, கண்ணால் பார்க்காத சில்லுக்காக இமேஜைத் திருத்தி அனுப்பியது. ஓடவில்லை. மறுபடியும் அனுப்பியது. ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் 'தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றியுடன் தெரிவிப்பது, தற்போதும் சிவப்பே' என்று எழுதினார். காந்திமதி சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே கேட்க ஆரம்பித்தாள்: "வாத்து என்ன சொல்லிச்சு?"

"நாளைக்கு இன்னொண்ணு தாரேன்னு சொல்லிருக்கு."

"சாப்பிட்டுதா என்னன்னு நீங்க கேட்டியளா?"

கேட்டார். வாத்து ஒரு ரொட்டித் துண்டின் படத்தைப் போட்டது. அலுவலகத்தில் மாதுரி மேடத்திடம் நீட்டிப்பு ஃபைல் என்ன ஆயிற்று என்று கேட்டால் "தேக்தே ஹைன்", பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரே ஜீவன் உலகத்தில் அவருக்கு வாத்துதான் என்று ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில், தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. வீட்டு டி.வி.யில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறி ஓடின. ஒன்றுகூட அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க, ஓடிட்டா?"

"ஓடிட்டு."

காந்திமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். ஏனோ அவள் முகம் அவ்வளவு தெளியவில்லை. "நல்லாத்தான் ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குப் போனாள்.

அலுவலகத்தில் மாட்டியதும் இன்னொரு தொல்லை முளைத்தது. மாலையில் கேட் காவலர் அர்விந்த் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார், பாதுகாப்பு. போர்டை முறைப்படி தூங்கவைக்காமல் கரண்டைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகும். ஒரே வாரத்தில் பலமுறை கெட்டது. அர்விந்திடம் சொல்லிப் பார்த்தார். சுவிட்சை அணைக்காமல் விட்டால் தன்னைக் கேட்பார்கள் என்றார் அவர், அதுவும் நியாயம். மறுபடி வாத்துக்குக் கடிதம். வாத்து ஒரு வழி சொன்னது: எல்லாம் சரியாக இருக்கும் நேரத்தில் கார்டைப் பூட்டிவிடு. அதற்குப் பின் அணைத்தாலும் பிடுங்கினாலும் ஒன்றும் கெடாது. ஒவ்வொரு தடவையும் பூட்டிய நிலையிலேயே கண் விழிக்கும். மாற்ற வேண்டுமென்றால் கீபோர்டு மாட்டி, கடவுச்சொல் அடித்து, பூட்டைத் திறந்து, மாற்றிவிட்டு மறுபடி பூட்டு. தினமும் காலையில் அவர் அப்படியே செய்தார். மேலே தேதியும் கடிகாரமும் இணையத்திலிருந்து தானாக வரும். நடுவில் 'இன்றைய நிகழ்ச்சி' என்று பெரிய எழுத்து. அதன் கீழே அன்றன்றைக்கு உள்ளது.

ஆண்டு விழாவுக்குச் செயலாளர் வரவில்லை. அவருக்குப் பதில் வந்தவர் டி.வி.யின் எதிரே நின்று பார்த்துவிட்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். டைரக்டர் மேடையில் அதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். "செலவு கிடையாது. லைசென்ஸ் கிடையாது. ஆளே தேவையில்லாமல் தானாக ஓடுகிறது. இதுதான் தற்சார்பு." பாலசுப்ரமணியம் கடைசி வரிசையில், மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

அந்தப் பேச்சின் சுருக்கம் மேலிடத்துக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து மாதுரி மேடம் கூப்பிட்டார்.

"பாலா ஜி, உங்க பயன் பத்தி நான் நல்லாத்தான் எழுதினேன். டி.வி. விஷயமும் எழுதினேன். மேலே என்ன குறிச்சிருக்காங்கன்னா, தானா ஓடற சிஸ்டம் இருக்கும்போது டெக்னிகல் அசிஸ்டென்ட் எதுக்குன்னு."

"மேடம், அதுல தினமும் மாத்தறது நான்."

"அது எனக்குத் தெரியும். பேச்சுல அது இல்லையே."

"ஃபைல் ஓடும்னு சொன்னீங்க."

"ஓடிச்சே" என்றார் மேடம், உண்மையான வருத்தத்துடன். "ரொம்ப வேகமா ஓடிச்சு. இவ்வளவு வேகமா எந்த ஃபைலும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

வீட்டில் சொன்னபோது காந்திமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கார்டைப் பிடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிட்டு வாங்க. 'சிக்னல் இல்ல'ன்னே கெடக்கட்டும். அப்ப தெரியும் ஆள் தேவையா இல்லையான்னு."

"அது வாத்து செஞ்சது, காந்தி."

"வாத்துட்ட நான் பேசிக்கிடுதேன்."

"வேண்டாம்."

"உங்களுக்கு ஊரெல்லாம் பாவம். உங்களைப் பாவம்னு நெனைக்க ஒரு நாதி இல்ல."

குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. அன்றைக்கு அவர் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசி நாள். வரவேற்பறையில் மாலை நான்கு மணிக்குத் தேநீர், பிரிவுபசாரம். டி.வி.யில் போட்டுவிடுங்கள் என்று மாதுரி மேடம் சொல்ல, போடத் தெரிந்தவர் ஒருவரே என்பதால் அவரே போட்டார். 'இன்றைய நிகழ்ச்சி: ஸ்ரீ பாலாஜி அவர்களுக்குப் பிரிவுபசாரம். தேநீர், மாலை நான்கு மணி. அனைவரும் வருக.' அடித்து முடித்து, வழக்கம்போல் பூட்டினார். கீபோர்டு மையத்தின் சொத்து, ஸ்டோரில் ஒப்படைத்தார். கடவுச்சொல்லை மேடத்திடம் சொன்னார். மேடம் தலையாட்டினார். தேநீரும் சமோசாவும் வந்தன. டைரக்டர் ஒரு பூங்கொத்து கொடுத்து, "நீங்கள் இந்த மையத்தின் முதுகெலும்பு" என்றார். முதுகெலும்பு ஆறு மணி வாக்கில் கேட் பாஸ் இல்லாமல் வெளியேறியது. எடுத்துப்போக ஒன்றும் இல்லை.

அதன்பின் மயூர் விஹாரில் அவர் செய்துகொண்டிருப்பது என்னவென்று கேட்டால் சொல்வது கஷ்டம். நாலைந்து இடத்தில் வேலை கேட்டார். எல்லா இடத்திலும் முப்பதுக்குள் வேண்டும் என்றார்கள். சொசைட்டியின் தண்ணீர் மோட்டார் ஒரு நாள் நின்றபோது, சும்மா போய் ஒரு வயரை அசைத்துப் பார்த்தார். இப்போது மோட்டார் அவருடையது. சம்பளம் கிடையாது, தண்ணீர் வராவிட்டால் திட்டு மட்டும் உண்டு.

மாதுரி மேடத்தின் ஃபோன் வந்தது ஒரு மதிய நேரத்தில்.

"பாலா ஜி, டி.வி.ல இன்னும் உங்க ஃபேர்வெல் ஓடிட்டு இருக்கு."

"மாத்தலையா மேடம்?"

"யார் மாத்துவாங்க? தினமும் நாலு மணிக்கு யாராவது வந்து நின்னு சாய் கேக்கறாங்க. அணைச்சுப் போட்டாலும் அதேதான் வருது. டி.வி.யை நிறுத்தவும் முடியாது, தினமும் தானா ஓடுதுன்னு ரிப்போர்ட் போயிருக்கு."

"கடவுச்சொல் உங்ககிட்ட இருக்கே. கீபோர்டை மாட்டி..."

"நான் தொடமாட்டேன்" என்றார் மேடம் அவசரமாக. "நீங்களே ஒருதடவை வந்து எடுத்துட்டுப் போயிடுங்களேன். ப்ளீஸ்."

காந்திமதி கேட்டாள்: "போகச் சொன்னவங்க கூப்பிட்டா போயிருவியளா?"

"என்னைய மறுபடி வேலைக்கு எடுத்துக்கிடலாம்னுகூட நெனைக்கலாம்லா. நான் இல்லாம முடியலைன்னு இப்ப தெரிஞ்சிட்டுல்லா."

அவள் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டோரில் கீபோர்டு கேட்டு நிற்க வேண்டாம் என்று வீட்டுக் கீபோர்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கேட்டில் அர்விந்த் எழுந்து கைகூப்பினார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. அடையாள அட்டை இல்லாதவர் விசிட்டர்.

"யாரைப் பார்க்கணும் பாலா ஜி?"

"டி.வி.யை."

"டி.வி.க்கு எக்ஸ்டென்ஷன் நம்பர் இல்லையே" என்றார் அர்விந்த் கவலையுடன். "யாராவது பெரியவங்க பேரைப் போடணும். அவங்க ஃபோன்ல சரின்னு சொல்லணும். உள்ளே நீங்க என்ன செஞ்சாலும் அவங்க பொறுப்பு."

மாதுரி மேடத்துக்கு ஃபோன் போட்டார்கள். டைரக்டரின் பி.ஏ. பெயரைப் போடச் சொன்னார். பி.ஏ.வுக்குப் போட்டார்கள். டி.வி. நிர்வாகத்தின் கீழ் வருகிறது, மாதுரி மேடத்தைக் கேளுங்கள் என்றார். மறுபடி மேடத்துக்கு. மேடம் மீட்டிங்கில் இருந்தார். இப்போது தான் என்ன செய்வது என்பதுபோல அர்விந்த் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாலசுப்ரமணியம் அதை வாங்கி வைக்கப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு வழியாக டி.வி. நன்றாகத் தெரிந்தது. மேலே அன்றைய தேதி, சரியாக. கடிகாரம் ஒரு நொடி பிசகாமல். கீழே அவர் பெயரல்லாத பெயர். எழுத்து நடுங்கவில்லை, நிறம் மங்கவில்லை.

உள்ளேயிருந்து கோட்டுப் போட்ட ஒருவர், ஏதோ மாநிலத்திலிருந்து ஆராய்ச்சி விஷயமாக வந்தவர்போல, கதவைத் தள்ளிக்கொண்டு அர்விந்திடம் வந்தார். "பாய் சாப், இந்த பாலாஜி ஃபேர்வெல் இங்கேதானா?"

அர்விந்த் வேறு வழியில்லாமல் கையைக் காட்டினார். "இவர்தான் பாலா ஜி."

வந்தவர் மலர்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு உடம்பைப் பார்த்துக்கோங்க. அதுதான் முக்கியம்."

"தேங்க் யூ" என்றார் பாலசுப்ரமணியம்.

"நாலு மணிக்குத்தானே சாய்?"

அவர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். நான்குக்கு இன்னும் நேரம் இருந்தது. "ஆமாம்" என்றார்.

வந்தவர் திரும்பிப் போய், டி.வி.க்கு நேரெதிர் சோபாவில் கோட்டுப் பித்தானைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். பாலசுப்ரமணியம் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீபோர்டை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, மெட்ரோ ஸ்டேஷனைப் பார்க்க நடந்தார்.